முற்றம் கழுவும் தண்ணீர்

உலகத்தில் இரண்டு காரியங்கள் இனி ஒருக்காலும் நடக்காது என்று பெர்லாத் அறிவித்தான். ஒன்று, அல்பேனியாவுக்கும் சீனாவுக்கும் இடையிலான நட்பு முறிவது. இரண்டு, படித்த அல்பேனியன் ஒருவன் பயணம் போகிறவர் பின்னால் தண்ணீர் ஊற்றுவது. முதலாவதை அரசியலும் இரண்டாவதை விஞ்ஞானமும் தீர்த்துவைத்துவிட்டன என்றான். காகித ஆலையின் கேன்டீனில், பீன்ஸ் சூப்புக்கு மேலே எழுந்து நின்று சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. துணை இயக்குநர் ராப்போ கைதட்டினார்; ஆகவே நாங்களும் கைதட்டினோம். சூப் ஆறிப்போனது.

பெர்லாத்தும் நானும் டிரானா பல்கலைக்கழகத்தில் எந்திரவியல் இறுதியாண்டு. ஷ்கும்பின் ஆற்றங்கரையில் இருந்த அந்த ஆலைக்குப் பயிற்சிக்காக அனுப்பப்பட்டிருந்தோம். ஆலையைக் கட்டிக்கொடுத்தது சீனா. நாங்கள் அவர்களுக்குக் குரோமும் புகையிலையும் அனுப்பினோம். அவர்கள் எங்களுக்கு எந்திரங்களையும், அவற்றை ஓட்டக் கற்றுத்தர ஐந்து மனிதர்களையும் அனுப்பினார்கள். வாசலில் சிவப்புத் துணியில் மஞ்சள் எழுத்துகள் தைத்த பேனர் ஒன்று மூன்று வருஷமாகத் தொங்கியது. 'என்றென்றும் நட்பு' என்றது. அதை யாரும் படிப்பதில்லை. எதிரே ஓடும் ஆற்றின் பெயரை யாராவது நின்று படிப்பார்களா?

பெர்லாத் பயிற்சி மாணவர்களின் இளைஞர் அமைப்புக்குச் செயலாளர். அவன் எல்லோரையும்விட உரக்கப் பேசுவதற்கு ஒரு காரணம் இருந்தது. அவன் அம்மாவின் சித்தப்பா மகன் ஒருவன், கிரேக்க நாட்டின் கோர்ஃபூ தீவுக்கு நீந்தித் தப்பிப் போகப் பார்த்துப் பாதிக் கடலில் பிடிபட்டவன். எங்கள் நாட்டில் மதிப்பெண் பட்டியலுக்கு முன்னால் குடும்பச் சரித்திரத்தைத்தான் திறந்து பார்ப்பார்கள். மாமன் நீந்தாமல் விட்ட மிச்சக் கடலை மருமகன் பேசியே கடக்க வேண்டியிருந்தது. பயிற்சி முடிந்ததும் ராப்போ எழுதும் அறிக்கை நன்றாக இருந்தால் டிரானாவில் வடிவமைப்பு நிலையத்தில் வேலை, அம்மாவோடு இருக்கலாம். இல்லையென்றால் வடக்கே மலை உச்சியில் குரோம் சுரங்கம். அங்கே போனவர்கள் விடுமுறைக்கு வரும்போது அவர்களுக்கு முன்னால் இருமல் வந்து சேரும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். கேன்டீனுக்கும் முற்றத்துக்கும் பொறுப்பு ஹைரியே அக்கா. நாற்பது வயது, தோளில் எப்போதும் ஈரத் துண்டு, நாக்கில் எப்போதும் உப்பு. கணவர் துறைமுகத்துக்கு லாரி ஓட்டினார். அவருடைய லாரி மட்டுமல்ல, எந்த வண்டி ஆலையை விட்டுக் கிளம்பினாலும் அக்கா வாளியோடு வந்து அதன் பின்னால் தண்ணீரை வீசுவாள். தண்ணீர் போல வழி தடங்கலில்லாமல் ஓடட்டும், போனவர் திரும்பி வரட்டும் என்பது கணக்கு. கடவுளைச் சட்டம் போட்டு நாட்டை விட்டு அனுப்பி வைத்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அவர் போகும்போதும் அக்கா பின்னால் ஒரு வாளி ஊற்றியிருப்பாள் என்று நான் ஒருமுறை சொன்னேன். பெர்லாத் சிரிக்கவில்லை. அவன் மின்னல் தாள் எழுதினான்.

மின்னல் தாள் என்பது தொழிற்சாலைச் சுவரில் ஒருவர் பெயரைப் போட்டுக் குற்றம் எழுதி ஒட்டுவது. ஒட்டப்பட்டவர் பக்கத்திலேயே பதில் ஒட்டியாக வேண்டும். இதுவும் சீனாவிலிருந்து வந்த பழக்கம்தான். இதற்கு மட்டும் உதிரிபாகம் தேவைப்படவில்லை. பெர்லாத் பெரிய எழுத்தில் எழுதினான்: 'தோழர் ஹைரியே! ஓடும் வண்டியின் பின்னால் அரசாங்கத் தண்ணீரை வீசுவது எந்த நூற்றாண்டின் அறிவு?'

மறுநாள் பக்கத்தில் பதில் இருந்தது: 'நான் முற்றம் கழுவுகிறேன். தோழர் பெர்லாத் வந்து குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.'

அவன் கேன்டீனுக்குப் போய் நேரிலேயே பிடித்தான்.

"ஏன்க்கா, லாரி கிளம்புறப்ப மட்டும்தான் முற்றம் அழுக்காகுமா?"

"ஆமா தம்பி. நிக்கிற லாரி எங்க தூசி கிளப்புது?"

"அப்ப லாரி உள்ள வர்றப்ப ஏன் கழுவல?"

"உள்ள வந்தவனுக்குச் சோறு போடுவேனா, தரை கழுவுவேனா? நீ இன்ஜினியருக்குப் படிக்கிற, நீயே சொல்லு."

வரிசையில் நின்றவர்கள் தட்டுகளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்கள். பெர்லாத்துக்கு அன்று பீன்ஸ் இரண்டு கரண்டி கூடுதலாக விழுந்தது. அதுதான் அவனை அதிகம் புண்படுத்தியது.

எங்களுக்கு வாய்த்த சீனர் தோழர் மெங். ஐந்து பேரில் மூத்தவர். காகிதம் ஈரம் காய்ந்து வெளியே வரும் பெரிய உருளைகள் அவர் பொறுப்பு. எங்கள் மொழியை ஆலைத் தொழிலாளர்களிடமே கற்றுக்கொண்டதால், அவருக்குத் தெரிந்ததில் பாதி எந்திரப் பாகங்களின் பெயர், மீதி வசவு. வந்த புதிதில் ஒரு சிக்கல் இருந்ததாம். எங்கள் ஊரில் ஆமென்றால் தலையை இடமும் வலமுமாக ஆட்டுவோம். அவர் ஒரு விஷயத்தை விளக்கி, "புரிஞ்சுதா?" என்பார். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். ஐயோ, புரியவில்லையே என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். இப்படி ஒரு மாதம் போனபிறகுதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் உலர்த்தும் பிரிவில் எல்லோரும் எல்லாவற்றையும் இரண்டு தடவை கற்றுவிட்டார்கள். ஆலையில் உருப்படியாக ஓடிய பிரிவு அது ஒன்றுதான்.

மே மாதத்தில் ஒருநாள் பெர்லாத் ஓடும் உருளைக்கு அருகே நின்று உற்பத்தியில் இளைஞர்களின் பங்கு பற்றி எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான். கையை வீசிப் பேசுவது அவன் வழக்கம். சட்டைக் கை உருளையின் பெல்ட்டில் மாட்டியது. நான் வாயைத் திறப்பதற்குள் மெங் எங்கிருந்தோ வந்து அவன் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். எந்திரத்தை நிறுத்தும் கட்டையைக் காலால் உதைத்தார். சட்டை காலரிலிருந்து முதுகு வரை கிழிந்தது. பெர்லாத் தரையில் உட்கார்ந்து தன் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். மெங் முதலில் தனக்குத் தெரிந்த எங்கள் மொழியின் மறுபாதி முழுவதையும் அவன்மேல் கொட்டினார். பிறகு சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கிப்போனார்.

மறுநாள் காலையில் சட்டை தைக்கப்பட்டு வந்தது. வெள்ளைச் சட்டையில் நீல நூல், நெருக்கமான சின்னச் சின்னத் தையல், ரயில் தண்டவாளம்போல நேராக. பெர்லாத் அதை ஆராய்ந்து பார்த்துவிட்டு, "சர்வதேசியத்தோட நடைமுறை வடிவம் இதுதான்டா" என்றான்.

"நூல் மாறியிருக்கே."

"வெள்ளை நூல் அவர்கிட்ட இல்ல போல. சித்தாந்தத்துல நிறம் முக்கியமில்ல."

அதற்குப் பிறகு அவன் அந்தச் சட்டையைத்தான் அதிகம் போட்டான்.

ஜூலையில் நட்பு முடிந்தது. அது எப்படி முடிந்ததென்று எங்களுக்குத் தெரியாது. பெரிய இடத்து விஷயம். முதலில், ஈரக் காகிதத்தை உருளைகளோடு அழுத்திப் பிடிக்கும் கம்பளிப்பட்டைகள் வரவில்லை. அவற்றை ஏற்றிய கப்பல் நடுக்கடலில் திரும்பிவிட்டதாகக் கேள்வி. பிறகு ராப்போ எங்களைக் கேன்டீனில் கூட்டி ஒரு தாளைப் படித்தார். இதே தொண்டையால்தான் அவர் முந்தின மாதம் வரை வேறு மாதிரிப் படித்துக்கொண்டிருந்தார். சீனா உதவியை நிறுத்திவிட்டது, நிபுணர்கள் சனிக்கிழமை காலை கிளம்புகிறார்கள், இனிமேல் அவர்களைத் தோழர் என்று அழைக்கக் கூடாது. எல்லோரும் கைதட்டினோம். எதற்கென்று தெரியாமல் தட்டியதால் ஓசை கொஞ்சம் முன்னே பின்னே வந்தது.

வெளியே வந்ததும் பெர்லாத்திடம் கேட்டேன். "ஒருக்காலும் நடக்காதுன்னு சொன்னியேடா. தீர்த்து வெச்சாச்சுன்ன?"

"வரலாறு முன்னேறிக்கிட்டே இருக்கு" என்றான். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. ஆனால் அன்று அவன் ரொட்டியைத் தொடவில்லை.

பேனரை இறக்கினார்கள். துணி நல்ல துணி, வீணாக்கக் கூடாது, எழுத்தை மட்டும் பிரித்தெடுங்கள் என்றார் ராப்போ. கேன்டீன் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்து மஞ்சள் எழுத்துகளைப் பிரித்தார்கள். பிரித்துப் பார்த்தால், மூன்று வருஷ வெயிலில் துணி முழுக்க வெளிறிப்போயிருந்தது. எழுத்துகளுக்கு அடியில் இருந்த இடம் மட்டும் புதுச் சிவப்பாக அப்படியே இருந்தது. 'என்றென்றும் நட்பு' முன்பு இருந்ததைவிடத் தெளிவாகத் தெரிந்தது. ராப்போ வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"திருப்பிப் போடுங்க."

திருப்பினார்கள். அது வலமிருந்து இடமாகத் தெரிந்தது.

"தோழர், தரை துடைக்க எடுத்துக்கவா?" என்று ஹைரியே அக்கா கேட்டாள்.

"துண்டு துண்டா வெட்டிட்டு எடுத்துக்க" என்றார் ராப்போ. "எழுத்து எழுத்தா இல்ல. குறுக்கால."

வெள்ளிக்கிழமை ராப்போ பெர்லாத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்திருந்தது, நான் வராந்தாவில் நின்றிருந்தேன்.

"நாளைக்கு வாசல் உன் பொறுப்பு. கை குலுக்குறது கிடையாது, பொட்டலம் குடுக்குறது கிடையாது, அழுகாச்சி கிடையாது. ஆளுங்க எல்லாரும் உள்ளயே வேலையில இருக்கணும்."

"சரி தோழர்."

"முக்கியமா அந்த ஹைரியே. அவ வாளியோட வந்து சீனாக்காரன் பின்னால தண்ணி ஊத்தினா, மாவட்டத்துக்குச் சேதி போகும். திரும்பி வாங்கன்னு நாம கூப்பிடுறதா அர்த்தம். உன் அறிக்கை இன்னும் என் மேஜை மேலதான் இருக்கு. உன் மாமன் விஷயம் அதுல இன்னும் ஏறல. புரியுதா?"

பெர்லாத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினான்.

அன்று சாயங்காலம் உலர்த்தும் பிரிவில் வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, நாங்கள் இருவரும் கருவிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தோம். மெங் உள்ளே வந்தார். பேசக் கூடாதென்று அவருக்கும் சொல்லியிருப்பார்கள். எங்களைப் பார்க்காமல் நேராகப் போய் மூன்றாவது உருளையின் முன்னால் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து உருளையிடம் பேச ஆரம்பித்தார், எங்கள் மொழியில், சத்தமாக.

"சூடு ஏறுறதுக்கு முன்னால பெல்ட்ட இறுக்கக் கூடாது. இறுக்கினா பட்டை கிழியும். புதுப் பட்டை இனி வராது. இருக்கிறதை வெச்சுத்தான் ஓட்டணும். கிழிசல் ஓரத்துல ஆரம்பிக்கும். ஆரம்பத்துலயே தைச்சிடணும். நெருக்கமா, சின்னச் சின்னதா."

பெர்லாத் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரே ஸ்பேனரைத் திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"நாலாவது உருளைல சத்தம் வந்தா பயப்படாதே. அது பழக்கம். சத்தம் நின்னுச்சுன்னாதான் பயப்படணும்." பிறகு உருளையை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, "புரிஞ்சுதா?" என்றார்.

சுவரைப் பார்த்தபடியே பெர்லாத் தலையை ஆட்டினான். இடமும் வலமும்.

மெங்குக்கு அதன் அர்த்தம் இரண்டு வருஷமாகத் தெரியும். அவரே அப்படித்தான் ஆட்டுவார். இருந்தும் ஒரு பெருமூச்சு விட்டு, "புரியலையா? சரி" என்று சொல்லி, முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார். பெல்ட்டை இறுக்கக் கூடாது என்பதிலிருந்து. ஒரு வார்த்தை விடவில்லை. பெர்லாத்தின் கையில் இருந்த ஸ்பேனர் நின்றுவிட்டது. முடித்ததும் அவர் எங்கள் பக்கம் திரும்பாமலேயே வெளியே போனார்.

பெர்லாத் ரொம்ப நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தச் சுவரில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை காலை. பேருந்து முற்றத்தில் நின்றது. உருளைகளை ஓட விட்டிருந்தார்கள், சத்தம் கேட்பதற்காக. காகிதம் எதுவும் வரவில்லை. தொழிலாளர்கள் எல்லோரும் உத்தரவுப்படி உள்ளே வேலையில் இருந்தார்கள். அவ்வளவு பேருக்கும் அன்று ஜன்னல் ஓரமாகவே வேலை இருந்தது. ராப்போ வாசற்படியில் கையைப் பின்னால் கட்டி நின்றார். பெர்லாத் வெளிவாசல் கதவருகே விறைப்பாக நின்றான். நீல நூல் சட்டை. வேறு சட்டை துவைக்கப் போட்டிருப்பதாக, நான் கேட்காமலேயே என்னிடம் சொல்லியிருந்தான்.

கேன்டீன் கதவு திறந்தது. ஹைரியே அக்கா வாளியோடு வந்தாள்.

பெர்லாத் ஓடிப்போய் மறித்தான். "அக்கா, வாளியக் குடு."

"முற்றம் கழுவணும் தம்பி."

"இன்னைக்கு வேணாம்."

"ஜூலை மாசத் தூசி. சீனாக்காரன் போறான்னு அது லீவு போடுமா?"

"அக்கா, விளையாடாத. அவரு பாத்துக்கிட்டு நிக்கிறாரு." குரலைத் தாழ்த்தினான். "நீ ஊத்தினா என்னைச் சுரங்கத்துக்கு அனுப்பிடுவாங்க. எங்கம்மா டிரானால தனியா இருக்கா."

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தச் சட்டைத் தையலைப் பார்த்தாள். கிண்டல் எதுவும் வரவில்லை. வாளியை நீட்டினாள்.

"பிடி. ஆனா கீழ வைக்காத. லாரி ஏறி அடி நெளிஞ்சு போச்சு, வெச்சா சாஞ்சிடும்."

அப்படித்தான் அன்று இளைஞர் அமைப்புச் செயலாளர் ஒரு வாளி நிறையத் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு, பயணம் போகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றப்படாமல் காவல் காக்க வேண்டியதாயிற்று.

ஐந்து பேரும் பெட்டிகளோடு வந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தரைக்கு அன்று கிடைத்த கவனம் அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை. மெங் கடைசியாக வந்தார். பெர்லாத்தைக் கடக்கும்போது பெட்டியைக் கீழே வைத்தார். ராப்போ தொண்டையைச் செருமினார். மெங் கை நீட்டவில்லை. பெர்லாத்துக்கும் நீட்டக் கை இல்லை, இரண்டும் வாளியில் இருந்தன. மெங் ஒரே ஒரு விரலால் அவன் காலரின் மடிப்பைச் சரிசெய்து, தையலைக் கடைசிவரை தடவிப் பார்த்தார்.

"பிரியல" என்றார். தரக் கட்டுப்பாட்டு அதிகாரி எந்திரத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.

பேருந்து உறுமியது. வாசலைத் தாண்டி இடது பக்கம் திரும்பியது. பின்கண்ணாடிக்குள் ஒரு முகம் திரும்பி எங்களைப் பார்த்தது. எதற்கு ஆமென்று தெரியவில்லை, இடமும் வலமுமாக ஒருமுறை ஆடியது.

"சரி, முடிஞ்சுது" என்றார் ராப்போ. திரும்பி உள்ளே நடக்கத் தொடங்கினார். "வாளியைக் கொண்டு போய் வெச்சுட்டு வேலையப் பாரு."

பெர்லாத் நகரவில்லை. புழுதி இன்னும் அடங்காமல் வாசலில் நின்றது. அவன் வாசலின் நடுவுக்குப் போனான். எங்கே ஊற்ற வேண்டும் என்பதை யாரிடமும் கேட்கவில்லை. சக்கரத் தடத்தின் மேலே, பேருந்து போன திசையில், வாளியைச் சாய்த்து முழுவதையும் ஒரே வீச்சாக வீசினான். தண்ணீர் தடத்துக்குள் இறங்கி, புழுதியைச் சுருட்டிக்கொண்டு, சாலை வரை ஓடியது.

ராப்போ சத்தம் கேட்டு நின்றார். திரும்பவில்லை.

"என்ன சத்தம் அது?"

"முற்றம் கழுவுறேன் தோழர்."

ராப்போவின் முதுகு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பின்னால் கட்டியிருந்த கைகளில் ஒரு கட்டைவிரல் இன்னொன்றைத் தேய்த்தது. ஜன்னல்களில் எல்லா வேலைகளும் நின்றிருந்தன.

"நல்லாக் கழுவு" என்று முன்னால் இருந்த சுவரிடம் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஹைரியே அக்கா துடைப்பத்தைக் கொண்டுவந்து பெர்லாத்தின் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். அவன் வாளியைக் கீழே வைத்தான். அது சாய்ந்து உருண்டது. துடைப்பத்தை எடுத்து, தண்ணீர் படாத மூலைகளிலிருந்து ஆரம்பித்து, முற்றம் முழுவதையும் கூட்டினான். சாலையை நோக்கி ஓடியிருந்த அந்த ஈரத்தின்மேல் மட்டும் துடைப்பம் படாமல் சுற்றிப் போனான்.